புதைகுழி கிடைக்காத சட்டப் பட்டதாரி: கவிஞர் லோர்காவின் கதை

1940ஆம் ஆண்டு ஸ்பெயினின் கிரனடா நகரில் ஒரு மரணம் பதிவு செய்யப்பட்டது. இறந்தவர் பெயர் ஃபெடரிகோ கார்சியா லோர்கா. இறந்த காலம் 1936 ஆகஸ்ட். காரணமாக எழுதப்பட்டது, போர் நிகழ்வால் ஏற்பட்ட காயங்கள். யார் சுட்டார்கள், எங்கே வைத்துச் சுட்டார்கள், உடலை எங்கே புதைத்தார்கள் என்ற விபரம் எதுவும் அந்தப் பதிவில் இல்லை. உண்மையில் அவர் எந்தப் போர்முனைக்கும் போகவில்லை, துப்பாக்கி தூக்கவும் இல்லை. அடைக்கலம் புகுந்திருந்த வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, விசாரணை எதுவுமின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர்.

கப்பல்துறையிலோ மூதூரிலோ பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய்க்கு இந்தப் பதிவை வாசித்துக் காட்டினால் மேலதிக விளக்கம் எதுவும் தேவைப்படாது. மரணச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள், இழப்பீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள் நம்மவர்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும், என்ன எழுதியிராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

லோர்கா இருபதாம் நூற்றாண்டு ஸ்பானிய மொழியின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர் என்பதைப் பலரும் அறிவர். அவர் சட்டப் பட்டதாரி என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சட்டத்தையும் மொழி இலக்கியத்தையும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் படித்தவர் அவர். அந்த இரண்டில் ஒன்று அவருக்கு உலகப் புகழைக் கொடுத்தது. மற்றது அவரைக் காக்கவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது அவரைத் தேடி வந்தது.

கிராமத்துப் பிள்ளை

1898 ஜூன் 5ஆம் திகதி, கிரனடா நகருக்கு அருகே உள்ள ஃபுவென்டே வக்கேரோஸ் என்ற விவசாயக் கிராமத்தில் லோர்கா பிறந்தார். தந்தை வசதியான நிலவுடைமையாளர். பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சீனி எடுக்கும் தொழில் பெருகிய காலத்தில் அந்த நிலம் நல்ல வருமானம் தந்தது. தாய் விசென்டா லோர்கா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வீட்டில் புத்தகமும் இசையும் இருந்தன. வயலில் வேலை செய்தவர்களும் வீட்டில் வேலை செய்த பெண்களும் பாடிய பாட்டுகளும் சொன்ன கதைகளும் அந்தச் சிறுவனின் காதில் விழுந்தன. பிற்காலத்தில் அவர் எழுதிய பலவற்றுக்கும் ஊற்று அங்கேதான் இருந்தது.

1909இல் குடும்பம் கிரனடா நகருக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் நல்ல பாடசாலையில் படிக்க வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். லோர்காவுக்கோ பியானோதான் உயிர். இசைக் கலைஞனாகவே வருவேன் என்றிருந்தார். 1916இல் அவருடைய இசை ஆசிரியர் இறந்துபோனார். இசை கற்பதற்காக வெளிநாடு போகத் தந்தை சம்மதிக்கவில்லை. நிலமும் பணமும் உள்ள தகப்பன், மகன் கையில் ஒரு பட்டம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். இது நமக்குப் பழக்கமான கதைதான்.

இரண்டு பீடங்களில் ஒரு மாணவன்

கிரனடா பல்கலைக்கழகத்தில் லோர்கா மெய்யியல் இலக்கிய பீடத்திலும் சட்ட பீடத்திலும் சேர்ந்து படித்தார். அக்கால ஸ்பெயினில் இரண்டையும் சேர்த்துப் படிப்பது புதுமையானதல்ல. சட்டம் தொழிலுக்கு, இலக்கியம் விருப்பத்துக்கு என்று பல மாணவர்கள் அப்படிச் செய்தார்கள். லோர்கா சிறந்த மாணவர் என்று சொல்ல முடியாது. விரிவுரைகளைவிட நகரத்துக் கோப்பிக் கடைகளில் நண்பர்களோடு கழித்த நேரம் அதிகம்.

ஆனாலும் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு இரண்டு ஆசிரியர்களைக் கொடுத்தது. ஒருவர் கலைக் கோட்பாடு கற்பித்த மார்ட்டின் டொமிங்கெஸ் பெருவேட்டா. இவர் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஸ்பெயினின் பழைய நகரங்களுக்குப் பயணம் போவார். 1916, 1917ஆம் ஆண்டுகளில் நடந்த அந்தப் பயணங்களிலிருந்துதான் லோர்காவின் முதல் புத்தகம் பிறந்தது. அந்த உரைநடை நூல் 1918இல் வெளிவந்தது. அச்சுச் செலவைத் தந்தையே கொடுத்தார்.

மற்றவர் சட்ட பீடத்தில் அரசியல் சட்டம் கற்பித்த பேராசிரியர் ஃபெர்னாண்டோ டி லொஸ் ரியோஸ். சோசலிசவாதி. இளைஞன் லோர்கா பியானோ வாசிப்பதைக் கேட்டு அவனிடம் அக்கறை கொண்டவர். இந்தப் பிள்ளை கிரனடாவுக்குள் முடங்கிவிடக் கூடாது, தலைநகர் மட்ரிட்டுக்கு அனுப்புங்கள் என்று பெற்றோரை இணங்கவைத்தவர்களில் அவரும் ஒருவர். சட்டத்தைவிடச் சட்டப் பேராசிரியரே லோர்காவின் வாழ்க்கையை மாற்றினார் எனலாம்.

1919இல் லோர்கா மட்ரிட்டில் இருந்த புகழ்பெற்ற மாணவர் விடுதிக்குப் போனார். ஓவியர் சல்வடோர் டாலியும் பின்னாளில் திரைப்பட இயக்குநராகிய லூயிஸ் புனுவேலும் அங்கே அவருக்கு நண்பர்களானார்கள். கவிதை, நாடகம், ஓவியம், இசை என்று நாட்கள் ஓடின. வீட்டிலிருந்து வந்த கேள்வி ஒன்றுதான்: பட்டம் எப்போது?

கடைசியில் 1923இல் கிரனடாவுக்குத் திரும்பிப் பரீட்சை எழுதிச் சட்டப் பட்டம் பெற்றார். தம்பி பிரான்சிஸ்கோவும் சட்டம் படித்தவர். அவர் அதைத் தொழிலாகவும் எடுத்து இராஜதந்திர சேவையில் சேர்ந்தார். மூத்தவர் ஒருநாளும் நீதிமன்றத்தில் வாதாடவில்லை. இலக்கியப் பட்டத்தை அவர் முடிக்கவேயில்லை. உலகம் இலக்கியத்துக்காக நினைவில் வைத்திருக்கும் மனிதர் முடித்தது சட்டப் படிப்பை.

பேச்சற்றவர்களின் பக்கம்

பட்டம் பெறுவதற்கு முந்திய ஆண்டு, 1922 ஜூனில், இசையமைப்பாளர் மனுவேல் டி ஃபாயாவுடன் சேர்ந்து கிரனடாவின் அல்ஹம்ப்ரா கோட்டையில் ஒரு பாட்டுப் போட்டியை லோர்கா நடத்தினார். அந்தலூசியப் பகுதியின் ஜிப்சிகளும் ஏழைகளும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பழைய பாட்டு மரபு அழிந்துகொண்டிருந்தது. படித்தவர்கள் அதை மட்டமாகப் பார்த்தார்கள். நம் ஒப்பாரியையும் நாட்டுக்கூத்தையும் ஒருகாலத்தில் எப்படிப் பார்த்தார்களோ அப்படி. அந்தப் பாட்டில் இருந்த துயரத்தைத்தான் லோர்கா தன் கவிதைக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார். 1928இல் வெளிவந்த ஜிப்சிகள் பற்றிய கதைப்பாடல் தொகுதி அவரை ஸ்பெயின் முழுவதும் அறியச் செய்தது. ஜிப்சிக் குடியிருப்பொன்றின் மீது துணை இராணுவக் காவற்படை நடத்தும் தாக்குதலைப் பாடும் நீண்ட கவிதை அதில் இருக்கிறது. சீருடை அணிந்த சிலர் அதை மறக்கவில்லை.

1929இல் பழைய சட்டப் பேராசிரியருடன் கப்பலேறி நியூயோர்க் போனார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில வகுப்பில் பெயர் பதிந்தார். ஆங்கிலம் அவருக்கு வசப்படவில்லை. ஆனால் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த நிலையைப் பார்த்தார். அந்த ஒக்டோபரில் பங்குச் சந்தை வீழ்ந்ததையும் பார்த்தார். அந்தக் கோபமும் அந்நியமும் ஒரு தனிக் கவிதைத் தொகுதியாயிற்று. அவர் இறந்த பிறகே அது நூலாக வெளிவந்தது.

1931இல் ஸ்பெயினில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. டி லொஸ் ரியோஸ் முதலில் நீதி அமைச்சரானார், பிறகு கல்வி அமைச்சரானார். அவருடைய அமைச்சின் உதவியுடன் 1932இல் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்ட நடமாடும் நாடகக் குழுவொன்றை லோர்கா வழிநடத்தத் தொடங்கினார். லொறியில் மேடையை ஏற்றிக்கொண்டு, நாடகமே பார்த்திராத கிராமங்களுக்கு ஸ்பானிய மொழியின் பழைய பெரு நாடகங்களைக் கொண்டுபோனார்கள்.

அவருடைய சொந்த நாடகங்களும் அக்காலத்திலேயே எழுந்தன. 1933இல் மேடையேறிய 'இரத்தத் திருமணம்', 1928இல் அல்மேரியா மாகாணத்தில் நடந்த ஒரு கொலை பற்றிய பத்திரிகைச் செய்தியிலிருந்து உருவானது. திருமண நாளில் மணப்பெண் வேறொருவருடன் ஓடிப்போக, அவர் கொல்லப்பட்டார். நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கில் கேட்கப்படாத ஒன்றை லோர்கா கேட்டார்: எஞ்சியிருக்கும் பெண்கள் என்ன ஆவார்கள்? கணவனையும் மகனையும் கத்திக்குப் பறிகொடுத்த தாயொருத்தி இந்நாடகத்தின் நடுவில் நிற்கிறாள். கடைசி நாடகமான 'பெர்னார்டா அல்பாவின் வீடு' முழுக்கப் பெண்களின் கதை. அதை 1936 ஜூனில் எழுதி முடித்தார். மேடையில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இந்த நாடகங்கள் நமக்கும் அந்நியமானவை அல்ல. க. பாலேந்திராவின் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் 'ஒரு பாலை வீடு', 'யெர்மா' என்று லோர்காவை ஈழத்தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தது.

1933இல் ஆர்ஜென்டீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் சிலி நாட்டுக் கவிஞர் பப்லோ நெரூடாவை அவர் சந்தித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நெரூடா கொழும்பில் சிலியின் தூதரக அதிகாரியாக இருந்து, வெள்ளவத்தையில் வாழ்ந்தவர். அங்கே தன் வீட்டுக் கழிவறையைத் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண்ணைப் பலவந்தப்படுத்தியதை அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பெரிய கவிஞர்களைப் படிக்கும்போது அந்தப் பெண்ணையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

1936 ஆகஸ்ட்

1936 ஜூலை நடுப்பகுதியில், நாட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தபோது, லோர்கா மட்ரிட்டிலிருந்து பெற்றோரிடம் கிரனடா போனார். ஆபத்து வரும்போது ஊருக்குப் போனால் பாதுகாப்பு என்றுதான் எவருக்கும் தோன்றும். சில நாட்களில் இராணுவத் தளபதிகள் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தனர். ஜூலை 20ஆம் திகதி கிரனடா அவர்கள் கைக்குப் போனது. உடனே கைதுகள் தொடங்கின. இரவில் ஆட்களை ஏற்றிச் சென்று நகரக் கல்லறை மதிலோரம் சுட்டார்கள். ஆசிரியர், வைத்தியர், பேராசிரியர், தொழிற்சங்கக்காரர், நகரசபை உறுப்பினர் என்று பட்டியல் நீண்டது.

லோர்காவின் தங்கை கொன்சாவின் கணவர் மனுவேல் ஃபெர்னாண்டெஸ் மொன்டெசினோஸ் அப்போதுதான் கிரனடாவின் நகர முதல்வராகியிருந்தார். அவரும் சிறையில் அடைக்கப்பட்டார். லோர்காவின் வீட்டுக்கு ஆயுததாரிகள் வந்து மிரட்டிப் போன பிறகு, கவிஞரும் நண்பருமான லூயிஸ் ரொசாலஸின் வீட்டில் அவர் அடைக்கலம் புகுந்தார். ரொசாலஸ் குடும்பத்தின் ஆண்கள் கிளர்ச்சியாளர் பக்கம் நின்ற ஃபலாஞ்ச் கட்சியினர். எதிர்த்தரப்பு நண்பனின் வீடுதான் பத்திரம் என்று நினைத்தார்கள்.

ஆகஸ்ட் 16 காலையில் தங்கை கணவர் சுடப்பட்டார். அன்று பிற்பகலே ரொசாலஸ் வீட்டைச் சுற்றிவளைத்து, முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரமோன் ரூயிஸ் அலொன்சோ லோர்காவைக் கைது செய்து கொண்டுபோனார். கொண்டுபோன இடம் மாகாண ஆளுநர் அலுவலகம். அவர் சட்டம் படித்த பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே அது இருந்தது. குற்றப்பத்திரம் இல்லை, நீதிபதி இல்லை, வழக்கறிஞர் இல்லை. ரொசாலஸ் சகோதரர்கள் போய்க் கேட்டும் பயனில்லை. இசையமைப்பாளர் ஃபாயா மன்றாடப் போனபோது காலம் கடந்துவிட்டது.

ஆகஸ்ட் 18 அல்லது 19 விடியும் முன், விஸ்நார் கிராமத்திலிருந்து அல்ஃபகாருக்குப் போகும் மலைவீதியோரத்தில் லோர்கா சுடப்பட்டார். வயது 38. அவருடன் இன்னும் மூவர் சுடப்பட்டனர். ஒருவர் மரக்கால் வைத்து நடந்த பள்ளி ஆசிரியர் டியோஸ்கோரோ கலிந்தோ. மற்ற இருவர் காளைச் சண்டையில் துணை வீரர்களாக இருந்த தொழிலாளர் இயக்கத்தவர்கள், பிரான்சிஸ்கோ கலாடி, ஹொவாக்கின் அர்கொயாஸ். லோர்காவைப் பற்றி எழுதும் பலர் இந்த மூவரையும் விட்டுவிடுகிறார்கள். ஒரே இடத்தில் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் புகழ்பெற்றவர் என்பதற்காக மற்றவர்கள் பெயரற்றவர்களாகிவிடக் கூடாது.

தேடல்

பெற்றோர் தாய்நாட்டைவிட்டு நியூயோர்க் போனார்கள். தந்தை 1945இல் அங்கேயே இறந்தார். தாய் பின்னர் ஸ்பெயின் திரும்பி 1959இல் கண்மூடினார். மகன் எங்கே கிடக்கிறான் என்பது இருவருக்கும் தெரியாமலே போயிற்று. பிராங்கோவின் ஆட்சி கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு நீடித்தது. கொலையில் அதிகாரிகளுக்கு இருந்த பங்கை ஒப்புக்கொள்ளும் 1965ஆம் ஆண்டின் பொலிஸ் அறிக்கையொன்று 2015இல்தான் வெளியே வந்தது. லோர்காவை அது சோசலிசவாதி, இரகசியச் சங்கத்தவர், ஒருபாலுறவாளர் என்றெல்லாம் பட்டியலிட்டிருந்தது. கொல்லப்பட்டவரின் மீதே குற்றம் எழுதும் வழக்கம் எங்கும் ஒன்றுதான்.

1975இல் பிராங்கோ இறந்தார். 1977இல் ஸ்பெயின் ஒரு பொதுமன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசியல் கைதிகளை அது விடுவித்தது. அதே சட்டம் கொலைகாரர்களையும் விசாரணையிலிருந்து காப்பாற்றியது. பழையதைக் கிளறாமல் முன்னே போவோம் என்பதே அன்றைய பேச்சு.

பிள்ளைகள் பேசாததைப் பேரப்பிள்ளைகள் பேசினார்கள். 2000ஆம் ஆண்டில் எமிலியோ சில்வா என்ற ஊடகவியலாளர், நாட்டின் வடமேற்கில் ஒரு வீதியோரப் புதைகுழியைத் தோண்டித் தன் பாட்டனாரின் எச்சங்களை மரபணுச் சோதனை மூலம் அடையாளம் கண்டார். அதன் பிறகு நாடெங்கும் குடும்பங்கள் எழுந்தன. 2008இல் நீதிபதி பல்தசார் கார்சோன், காணாமல் ஆக்கப்பட்ட 114,226 பேரின் பட்டியலை முன்வைத்து விசாரணை தொடங்கினார். லோர்கா கிடப்பதாகக் கருதப்பட்ட குழியைத் திறக்கவும் உத்தரவிட்டார். 1998இல் சிலியின் சர்வாதிகாரி பினோசேயை லண்டனில் கைது செய்யவைத்ததும் இதே நீதிபதிதான். ஆனால் சொந்த நாட்டில் வழக்கு அவர் மீதே திரும்பியது. பொதுமன்னிப்புச் சட்டத்தை மீறினார் என்ற அந்த வழக்கில் 2012இல் விடுதலையானார். அதே மாதம் வேறொரு வழக்கில் 11 ஆண்டுகளுக்குப் பதவி பறிக்கப்பட்டது.

2009இல் அல்ஃபகாரில் தோண்டினார்கள். எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் பக்கத்து இடங்களில் நடந்த தேடல்களும் வெறுங்கையோடு முடிந்தன.

இந்தத் தேடலில் குடும்பங்கள் ஒரே கருத்தில் இருக்கவில்லை. ஆசிரியரின் குடும்பமும் கலாடியின் குடும்பமும் தோண்ட வேண்டும் என்று கேட்டன. லோர்காவின் உறவினர் அதை விரும்பவில்லை. அவர் மற்றவர்களோடு அந்த மண்ணிலேயே இருக்கட்டும், புகழ்பெற்ற ஒருவரின் எலும்பு காட்சிப் பொருளாகக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். நம்மிடையேயும் சான்றிதழை வாங்கியவர்கள் இருக்கிறார்கள், கடைசிவரை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். வறுமையில் கையொப்பமிட்டவரைத் துரோகி என்றோ மறுத்தவரைப் பிடிவாதக்காரர் என்றோ சொல்ல யாருக்கும் உரிமையில்லை. துக்கத்தை எப்படிச் சுமப்பது என்பது குடும்பத்தின் முடிவு. தேடுவதும் கண்டுபிடிப்பதும் அரசின் கடமை. இந்த இரண்டாவதை ஸ்பெயின் 2022 ஒக்டோபரில் நிறைவேற்றிய சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. லோர்கா கொல்லப்பட்டு அப்போது 86 ஆண்டுகள்.

அந்த மொழியும் இந்தத் துறைமுகமும்

புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் படிக்கும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் சட்டத்துடன் ஸ்பானிய மொழியைச் சேர்த்துப் படிக்கும் பட்டப்படிப்பு உண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு ஸ்பானியம் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் இங்கேயே இருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டவர் என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'டெசபரெசிதோ' என்று பெயர். 1970களில் சிலியிலும் ஆர்ஜென்டீனாவிலும் இராணுவ ஆட்சிகள் ஆட்களை இல்லாமல் செய்தபோது உலகமெங்கும் பரவிய சொல் அது. 1977 ஏப்ரலில் புவெனஸ் அயர்ஸில் பிள்ளைகளைத் தேடித் தாய்மார் அரச மாளிகை முன்னால் உள்ள சதுக்கத்தில் கூடினார்கள். 1980இல் ஐக்கிய நாடுகள் சபை இதற்கென ஒரு செயற்குழுவை அமைத்தது. 1988இல் கோஸ்டா ரிக்காவில் உள்ள அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம், ஹொண்டூராஸில் காணாமல் ஆக்கப்பட்ட வெலாஸ்கெஸ் ரொட்ரிகெஸ் என்ற மாணவரின் வழக்கில் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. உடல் கிடைக்கவில்லை என்பது அரசுக்குத் தப்பும் வழியாகவில்லை. 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சர்வதேச சமவாயம், உண்மையை அறிவது குடும்பத்தின் உரிமை என்று எழுதியது. இதன் பெரும்பகுதி ஸ்பானிய மொழியில் வாதாடப்பட்டு, ஸ்பானிய மொழி பேசும் தாய்மாரின் கால்நடையால் உருவான சட்டம்.

அதே ஐ.நா. செயற்குழு 2013 செப்டெம்பரில் ஸ்பெயினுக்குப் போய் லோர்காக்களைப் பற்றிக் கேட்டது. 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்தது. திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இருந்த இரகசியத் தடுப்பிடத்தை நேரில் பார்த்தது. இலங்கை 2016இல் அந்தச் சமவாயத்தை ஏற்று, 2018இல் வலிந்து காணாமல் ஆக்கப்படுதலைக் குற்றமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. திருகோணமலையில் படங்களை ஏந்தி நின்ற தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

1622இல் கோணேசர் கோயில் இடிக்கப்பட்டபோது, போர்த்துக்கல் ஸ்பானிய மன்னரின் முடியின் கீழ்தான் இருந்தது. அந்த மொழி பேசியவர்களின் அரசு அன்று நம் கடற்கரைக்குக் கொண்டுவந்தது பீரங்கியை. அதே மொழியின் சாதாரண மக்கள் பிற்காலத்தில் தங்கள் இழப்பிலிருந்து உருவாக்கிய சட்டம் இன்று நம் வழக்குக் கட்டுகளில் இருக்கிறது. அதைப் படித்து, மூல மொழியிலேயே தீர்ப்புகளை வாசித்து, நம் தாய்மாரின் ஆட்கொணர்வு மனுக்களில் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும்.

லோர்காவுக்கு இன்னும் கல்லறை இல்லை. விஸ்நார் மலையில் தொல்லியலாளர்கள் இப்போதும் மற்றவர்களின் குழிகளைத் திறந்து, எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, குடும்பங்களிடம் கொடுக்க வேலை செய்கிறார்கள். மரணப் பதிவில் எழுதப்பட்ட அந்தப் பொய்க் காரணம் எல்லோருக்கும் தெரிந்த பொய்யாகிவிட்டது. அதைச் செய்தவர்கள் குடும்பங்கள்தான். நீதிமன்றங்கள் அவர்கள் பின்னால் வந்தன.